ஏட்டய்யா எழுதிய ஒரே நிஜக் கத்திக்குத்து

என் முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, ஒன்றே கால் அங்குல நீளத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அது எப்படி வந்தது என்பது மூன்று பேருக்குத்தான் சரியாகத் தெரியும். வாங்கிக்கொண்ட எனக்கு, கொடுத்த பாண்டியனுக்கு, அதைக் காகிதத்தில் எழுதிய வைத்திலிங்கம் ஏட்டய்யாவுக்கு. பாண்டியன் ஜெயிலுக்குப் போவானா மாட்டானா என்பது அந்தக் காகிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே முதலில் ஏட்டய்யாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஏட்டய்யாவுக்குச் சொந்த ஊர் மங்கலம்பேட்டை. வீடு கடலூர் முதுநகரில். வேலை சிதம்பரம் வட்டாரத்தில் ஒரு ஸ்டேஷனில். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன், நான் இன்னும் இதே ஊரில் கடை நடத்த வேண்டியவன். பதவி தலைமைக் காவலர் என்றாலும் அவர் பார்த்தது ரைட்டர் வேலை. அதாவது, அழுதுகொண்டும் கத்திக்கொண்டும் வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, அதைப் புகாராக எழுதி, கையெழுத்து வாங்கி, வழக்காகப் பதிவு செய்கிற வேலை. தமிழ் வாத்தியார் ஆக ஆசைப்பட்டு, உயரம் இருந்த ஒரே காரணத்தால் போலீஸ் ஆனவர். இவருக்கு யாரையும் அடிக்க வராது என்பதை முதல் வருடத்திலேயே கண்டுபிடித்து, பேனாவைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். அவரும் முப்பது வருடமாக எழுந்திருக்கவே இல்லை. கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். கார்பன் தாள் வைத்து நாலு பிரதி எழுதினால் நாலாவது பிரதியிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான் அன்பரசு. சிதம்பரத்தில் 2005-ல் எட்டு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் திறந்தேன். இரண்டில் இன்டர்நெட், மீதி ஆறில் கேம். காலேஜ் பையன்கள் மெயில் பார்க்க வந்து கேம் ஆடிவிட்டு, மெயிலைப் பார்க்காமலே போவார்கள். அப்போது அவர்களுக்குப் பித்துப் பிடித்திருந்தது பதுங்கி ஆடும் ஆட்டங்களில். கோட்டைக்குள் சத்தமில்லாமல் நுழைந்து, இருட்டில் ஒளிந்து, காவலாளிகளை ஒவ்வொருவராகப் பின்னாலிருந்து முடித்து, உடலை மறைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் கதை. அதை ஆறு பேர் ஒரே நேரத்தில் மூச்சுக்கூட விடாமல் ஆடுவதைப் பார்த்தால் பரீட்சை ஹால் தோற்றுப்போகும்.

பிரவுசிங் சென்டர் என்றால் வருகிறவர்கள் பெயர், முகவரி எழுதும் ரிஜிஸ்டர் வைத்திருக்க வேண்டும். 2006-ல் அதைச் சரிபார்க்க ஏட்டய்யா வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே ஒரு திரையைப் பார்த்தார். அதில் ஒருவன் காவலாளியின் முதுகில் கத்தியைச் சொருகினான். காவலாளி பொத்தென்று விழுந்தான், செத்தான்.

"இது செல்லாது," என்றார் ஏட்டய்யா.

நான் ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தேன். "ரிஜிஸ்டரா ஏட்டய்யா?"

"ரிஜிஸ்டர் கெடக்கட்டும்ப்பா. இந்தக் குத்து செல்லாது. முதுவுல குத்துனா எவனும் இப்படி மூட்ட மாதிரி வுழ மாட்டான். மொதல்ல திரும்பிப் பாப்பான். எவன்டா அதுன்னு கேப்பான். குத்துனவன் அப்பன் ஆத்தாள இழுத்துத் திட்டுவான். அப்பறம் ஆட்டோ புடிப்பான். பாதிப் பேரு நேரா ஸ்டேஷனுக்கு வந்துருவாங்க. நாந்தான் மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்யான்னு தொரத்திவுடுவேன்."

அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்தார். ரிஜிஸ்டரைக் கேட்பதை நிறுத்திவிட்டார். ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கையில் டீயுடன், பையன்களின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருப்பார். இருபது அடி தூரத்திலிருந்து எறிந்த கத்தி நெற்றியில் சொருகி நின்றது என்றால், "கைப்புடிதான் போயி இடிக்கும், ஒரு வீக்கம் இருக்கும்" என்பார். மூன்று வினாடி கழுத்தை நெரித்து ஒருவனைக் கொன்றால், "மூணு வினாடியில தும்மக்கூட முடியாது" என்பார். செத்தவனை ஆட்டக்காரன் ஒற்றைக் கையால் இழுத்துப்போய் அலமாரிக்குள் வைத்தபோது அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "பொணம் என்னா கனம் கனக்கும் தெரியுமா? பிச்சாவரத்துல தண்ணியிலேருந்து ஒன்ன எடுக்க நாங்க நாலு பேரு, ரெண்டு படகு. அப்பவும் எனக்கு இடுப்புப் புடிச்சிக்கிச்சி. இவன் இழுத்துட்டு ஓடறான்."

ஆட்டக்காரனுக்குக் காயம் பட்டால் தரையில் கிடக்கும் ஒரு மருந்துப் பெட்டியை மிதித்தால் போதும், நொடியில் உடம்பு தேறிவிடும். இதை முதல்முறை பார்த்த அன்று ஏட்டய்யா டீயைக் கீழே வைத்தார். பிறகு, "நம்ம ஆஸ்பத்திரில ஓ.பி. சீட்டு வாங்கவே ஒரு மணி நேரம் ஆவுது" என்று மட்டும் சொன்னார்.

பாராட்டியது ஒரே ஒரு இடத்தைத்தான். ஆட்டக்காரன் இருட்டில் எதையோ தட்டிவிட்டான். காவலாளி திரும்பினான், விளக்கைத் தூக்கிப் பார்த்தான், "எலியாக இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டான். பையன்கள் சிரித்தார்கள். ஏட்டய்யா சிரிக்கவில்லை.

"இது மட்டும் கரெக்ட்டு. பாரா ட்யூட்டில நானும் இதத்தான் சொல்லியிருக்கேன்," என்றார்.

ஒருமுறை அவரையே உட்கார வைத்தோம். நாற்பது நிமிடம் ஒரு தூணுக்குப் பின்னால் அசையாமல் நின்றார். "குத்துங்க சார், குத்துங்க" என்று ஆறு பேரும் கத்தினார்கள். "இருங்கடா, ட்யூட்டி மாறட்டும். மாறறப்போ ரெண்டு பேரும் பேசிக்கிட்டு நிப்பானுங்க, அப்ப நைசாப் போயிடலாம். எதுக்கு ஒருத்தன குத்தணும்?" என்றார். ட்யூட்டி மாறவே இல்லை. அந்தக் காவலாளி ஒன்றுக்குப் போகவில்லை, பீடி குடிக்கவில்லை, உட்காரக்கூட இல்லை. "இவனுக்கு டீ யாருடா வாங்கித் தருவாங்க?" என்று கேட்டுவிட்டு ஏட்டய்யா எழுந்துகொண்டார். யாரையும் கொல்லாமல், எங்கும் போகாமல் ஆட்டத்தை விட்டு எழுந்த ஒரே ஆள் அவர்தான்.

இதெல்லாம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, 2008-ல் ஒரு நாள் அவர் எழுதிய புகார்களை நான் படிக்கும் வரையில். யாரோ மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார், மூன்று பழைய வழக்குகளை டைப் அடித்துத் தர வேண்டும் என்று கொண்டுவந்தார். முதல் வழக்கு படகுத் துறையில் துடுப்புச் சண்டை. இரண்டாவது வரப்புத் தகராறு. மூன்றாவது ஒரு லாட்ஜில் தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பித்த சண்டை. மூன்றிலும் எதிரி முதலில் ஆபாசமாகத் திட்டினார். பிறகு ‘உன்னை இன்றோடு ஒழித்துவிடுகிறேன்’ என்று கூறி, மறைத்து வைத்திருந்த கத்தியை எடுத்துக் குத்தினார். குத்துப்பட்டவர் வலி தாங்க முடியாமல் ‘ஐயோ அம்மா’ என்று சத்தம் போடவே, அக்கம்பக்கத்தினர் ஓடி வந்தனர். அவர்களைக் கண்டதும் எதிரி ‘இன்று தப்பித்துவிட்டாய், இன்னொரு நாள் உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன்’ என்று மிரட்டிவிட்டு ஓடிவிட்டார். மூன்று வழக்கிலும் ஒரு எழுத்து மாறவில்லை. வரப்புத் தகராறில் குத்துப்பட்டவர் பிறவியிலேயே வாய் பேச வராதவர் என்று கீழே ஒரு குறிப்பு இருந்தது. அவரும் ‘ஐயோ அம்மா’ என்று சத்தம் போட்டிருந்தார்.

இதற்கு ஸ்டேஷனில் ‘செட்டு’ என்று பெயராம். திட்டுவதற்கு 294-வது பிரிவு, கத்திக்கு 324, மிரட்டலுக்கு 506. மூன்றும் சேர்ந்தால்தான் செட்டு. ஒன்றை விட்டால் ஹோட்டலில் சாம்பார் இல்லாமல் இட்லி வைத்த மாதிரி இன்ஸ்பெக்டர் பார்ப்பாராம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏட்டய்யா, கேம்ல காவலாளிக்காவது நாலு டயலாக் இருக்கு. ஒங்க ஊர்ல எல்லா ரவுடிக்கும் ஒரே டயலாக்குதானா? ரெண்டு வருசமா எங்க கத்தி செல்லாது செல்லாதுன்னீங்களே, ஒங்க கத்தி மட்டும் எப்படிச் செல்லுது?"

பையன்கள் இருந்தார்கள், சிரித்துவிட்டார்கள். ஏட்டய்யா டீயை முழுவதும் குடித்தார், டம்ளரை வைத்தார், டைப் அடித்த தாள்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாற்பது நாள் வரவில்லை. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்கே இருந்தது.

வந்தபோது ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். "நெஜத்த எழுதுனா கோர்ட்ல நிக்காதுப்பா. ஜட்ஜய்யா என்னைக்காவது கத்திக்குத்தப் பாத்திருக்காரா? நாங்க எழுதறதப் படிச்சுப் படிச்சுத்தான் அவுருக்குக் குத்துன்னா என்னான்னு தெரியும். இப்ப நான் வேற மாதிரி எழுதுனா, இது குத்தே இல்லம்பாரு."

"அப்ப கேம் செய்யறவன மட்டும் ஏன் திட்டறீங்க? அவனும் மத்த கேம பாத்துதான செய்யறான்?"

இதற்கு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். டீ வந்த பிறகு, யாரிடமோ சொல்வது போல, "ரிட்டயர் ஆவறதுக்குள்ள ஒன்னு எழுதிடணும்ப்பா. நடந்தது நடந்தபடி. ஒன்னே ஒன்னு" என்றார். அந்த ஒன்று என் முதுகில் இறங்கும் என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

இனி பாண்டியன். எனக்கு அடுத்த கடை, ஜெராக்ஸ். சாதுவான ஆள். ஒரு நாளில் பத்து வார்த்தைக்கு மேல் பேச மாட்டான், அதில் எட்டு "எத்தனை காப்பி" என்பதாக இருக்கும். என் கடைக்கு வரும் பையன்கள் பைக்கையும் சைக்கிளையும் அவன் வாசலில் நிறுத்துவார்கள். அவன் சொல்லிப் பார்த்தான், நானும் பையன்களிடம் சொன்னேன், ஆனால் ஒப்புக்குத்தான் சொன்னேன். 2009 மார்கழி, செமஸ்டர் நேரம். அவனுக்கு வருடத்தில் பிழைப்பு நடப்பதே அந்த இரண்டு வாரம்தான். அப்போதும் அவன் கடைக்குள் நுழைய வழியில்லாமல் ஏழு வண்டி நின்றது.

சாயங்காலம் நாலரை மணி. நான் மூன்றாவது கம்ப்யூட்டரின் மவுஸைச் சரிசெய்யக் குனிந்திருந்தேன். முதுகில் யாரோ முஷ்டியால் ஓங்கிக் குத்தியது போல இருந்தது. திரும்பினேன். பாண்டியன் நின்றான். "சாரி அண்ணே" என்றான். போய்விட்டான். "லூசாடா நீ?" என்று கேட்டேன். அடுத்த நிமிடம் அவன் கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. கை பலமான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டு மவுஸைச் சரிசெய்தேன். டீ வந்தது, சேரில் சாய்ந்து குடித்தேன். ஐந்தாவது கம்ப்யூட்டருக்கு நேரம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அதில் ஆடிக்கொண்டிருந்த அன்புமணி என்ற பையன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து, "அண்ணே, ஒங்க சேர்ல செவப்புப் பெயின்ட் ஒட்டியிருக்கு" என்றான்.

பாண்டியன் குத்தியது லேமினேஷன் தாள் வெட்டும் மெல்லிய கத்தியால். உள்ளே போனதும் தெரியவில்லை, வெளியே வந்ததும் தெரியவில்லை. ஐந்து பேர் நாலடி தூரத்தில் இருந்தார்கள். ஐந்து பேரும் கோட்டைக் காவலாளி தங்களைப் பார்த்துவிடுகிறானா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் ஒருவனும் எதையும் பார்க்கவில்லை. நான் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, என் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரிசர்வில் இருந்ததால் வழியில் பெட்ரோலும் போட்டேன். நாலு தையல்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், ஏட்டய்யா அட்டையும் தாளும் கார்பனுமாக வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வாடியதென்னவோ நிஜம். ஆனால் கண்ணில் வேறு ஏதோ இருந்தது.

"எப்படி எழுதட்டும்ப்பா? செட்டா, நெஜமா? செட்டுன்னா அவன் ஆறு மாசம் உள்ள போவான். யோசிச்சுச் சொல்லு."

கட்டுப் போட்டிருந்தவனுக்கு வீரம் தலைக்கேறியிருந்தது. நெஜத்துக்கே இவ்வளவு ரத்தம் வந்திருக்கும்போது பொய் எதற்கு? "நெஜமாவே எழுதுங்க ஏட்டய்யா," என்றேன்.

ஒன்றரை மணி நேரம் கேட்டார். வலித்ததா, எரிந்ததா? முதலில் எரியவில்லை, டீ குடித்த பிறகு எரிந்தது. டீ சூடாக இருந்ததா? இருந்தது. பாண்டியன் திட்டினானா? இல்லை. மிரட்டினானா? இல்லை, சாரி சொன்னான். எந்தக் குரலில்? சாதாரணமாக. அப்புறம் எத்தனை காப்பி போட்டான்? "நூறு இருக்கும், மெஷின் ஓடிட்டே இருந்துச்சு" என்றேன். அவர் ஒவ்வொன்றையும் எழுதினார். நான் பெட்ரோல் போட்டதையும், பங்க்கில் இருந்தவன் "ஆயில் பாக்கவா?" என்று கேட்டதையும் எழுதினார். முடித்துப் படித்துக் காட்டியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது. நடந்தது அப்படியே தாளில் இருந்தது.

அன்றைக்கு ஆருத்ரா தரிசனக் கூட்டம். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்தில் இருந்தார். ஜீப் பானெட்டின் மேல் வைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மூன்று நாள் கழித்துப் படித்துவிட்டு, "294 எங்கய்யா? 506 எங்கய்யா? இதென்ன டீக்கட விளம்பரமா?" என்று கத்தினாராம். அதற்குள் காகிதம் கோர்ட்டுக்குப் போய்விட்டது. பாண்டியனும் ரிமாண்டில் உள்ளே போய், பத்து நாளில் ஜாமீனில் வந்து, கடையைத் திறந்துவிட்டான். அவனுக்கும் எனக்கும் நடுவில் முன்பு இருந்த அதே ஒற்றைச் செங்கல் சுவர்தான்.

வழக்கு 2011-ல் விசாரணைக்கு வந்தது. அன்புமணியைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"சம்பவம் நடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"கூரை மேல சார்," என்றான்.

"எந்தக் கூரை?"

"கேம்ல சார்."

அதோடு சாட்சியத்தில் பாதி போய்விட்டது. பிறகு நான். குத்துப்பட்டதும் என்ன செய்தீர்கள் என்றார் வக்கீல். டீ குடித்தேன் என்றேன். கோர்ட் சிரித்தது. பெட்ரோல் எவ்வளவுக்கு என்றார். ஐம்பது ரூபாய்க்கு என்றேன். ஒரு பெண் காவலர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். "இவர் குத்தினார், சாரி சொன்னார், போய் நூறு காப்பி எடுத்தார். இது உங்கள் கடையில் நடந்ததா, கடையில் இருக்கும் கேமில் நடந்ததா?" என்றார். டாக்டரைக் கூப்பிட்டு, கூர்மையான பொருள் மீது மல்லாந்து விழுந்தாலும் இந்தக் காயம் வருமா என்று கேட்டார். வரலாம் என்றார் டாக்டர். கடைசியாக ஏட்டய்யா. முப்பது வருடத்தில் நூறு முறை ஏறிய கூண்டு, அன்றைக்கு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நடந்தத எழுதியிருக்கேங்க ஐயா" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு எதுவும் வரவில்லை.

தீர்ப்பு எனக்கு மனப்பாடம். கத்தியால் குத்தப்பட்ட ஒருவர் சத்தம் போடுவதும், அக்கம்பக்கத்தினர் ஓடி வருவதும், எதிரி மிரட்டிவிட்டுத் தப்பி ஓடுவதுமே இயல்பு. இந்த வழக்கில் புகார்தாரரின் நடத்தையும் எதிரியின் நடத்தையும் சாதாரண மனித இயல்புக்கு முற்றிலும் மாறாக உள்ளதால், சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்யப்படுகிறது.

வராந்தாவில் ஏட்டய்யா தன் பிரதியை நாலாக மடித்துக்கொண்டு நின்றார். "ஒரு வரிகூடப் பொய் இல்லப்பா," என்றார்.

"அத வெச்சு நாக்கு வழிச்சுக்குங்க," என்றேன். நெஜமா எழுதுங்க என்று சொன்னது நான்தான் என்பதை அவர் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இன்னும் வசதியாகத் திட்டியிருக்கலாம். அதோடு பேச்சு நின்றது. ஸ்டேஷனில் அவரைக் கதாசிரியர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் மறுபடி செட்டுக்கே போய்விட்டார் என்றும், முன்பைவிட இப்போது அவர் புகார்களில் எல்லாரும் ஜாஸ்தி சத்தம் போடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

டிசம்பர் கடைசியில் ‘தானே’ என்ற புயல் வந்தது. என் கடை போர்டு எந்த ஊருக்குப் போனதென்றே தெரியவில்லை. கரண்ட் இல்லை. என்னிடம் ஜெனரேட்டர் இருந்ததால், தெருவே செல்போன் சார்ஜ் போட என் கடை வாசலில் நின்றது. ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, கையில் போனும் சார்ஜருமாகப் பாண்டியன் வந்து நின்றான்.

"அண்ணே, ஒரு பாயின்ட் கெடைக்குமா?"

முகத்திலடித்த மாதிரி இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஊரே இருட்டில் கிடக்கும்போது அது வரவில்லை. மூன்றாவது கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த பாயின்ட்டைக் காட்டினேன். அவன் சொருகிவிட்டுப் போகாமல் நின்றான். நான் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். இரண்டு வருடமாக அது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

"அண்ணே, அந்தப் பேப்பர எழுதுனது யாருண்ணே?" என்றான்.

"எந்தப் பேப்பரு?"

"எஃப்.ஐ.ஆர். வக்கீலுக்கு வேணும்னு நாந்தான் காப்பி போட்டுக் குடுத்தேன். ஒவ்வொரு வாட்டியும் படிப்பேன். அங்கேயே நின்னு பாத்த மாதிரி எழுதியிருக்காரு. நான் சாரின்னு சொன்னது, நீங்க லூசாடான்னு கேட்டது, எல்லாம். ஒரே ஒரு எடந்தான் தப்பு."

"என்னா தப்பு?"

"நூறு காப்பின்னு போட்டிருக்காரு. அறுவதுதாண்ணே போட்டேன். அதுக்கப்பறம் பேப்பர் சிக்கிக்கிச்சி. எடுக்க வரல, கை ஒதறிச்சி. மெஷின் மட்டும் சும்மா ஓடிக்கிட்டு இருந்துச்சு." போனை எடுத்துச் சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தான். "மீதியெல்லாம் அப்படியே இருக்குண்ணே," என்றான்.

கோபம் வந்தது. கூண்டில் நின்று ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று சொன்ன வாய் இது. ஆனால் கோபத்தைவிடப் பெரிதாக வேறு ஒன்று வந்தது, அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, மறுநாள் கடலூர் பஸ் ஏறினேன்.

முதுநகரில் பாதித் தெரு மரமும் ஓடுமாகக் கிடந்தது. ஏட்டய்யா வீட்டுக் கூரையில் ஒரு பக்கம் ஓடே இல்லை. அவர் மனைவி லோகநாயகி நனைந்த பாயையும் துணியையும் வாசலில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க தம்பி, உள்ள ஒக்கார எடமில்ல" என்றார். ஏட்டய்யா லுங்கியோடு வந்தார். இளைத்திருந்தார். திட்ட வந்திருக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார்.

நான் நின்றபடியே சொன்னேன். பாண்டியன் வந்தது, பாயின்ட் கேட்டது, காப்பி போட்டுப் படித்தது, எல்லாவற்றையும். முடித்ததும் ஏட்டய்யா உள்ளே போனார். வீட்டில் எல்லாமே நனைந்திருந்தது, ஆனால் அந்தப் பிரதியைப் பாலிதீன் பையில் போட்டு, அதை ஒரு எவர்சில்வர் தூக்கில் வைத்து மூடி வைத்திருந்தார். எடுத்து வந்து வாசலில் கிடந்த கட்டிலில் பிரித்தார். ஈரம் படவில்லை. சட்டைப் பையில்லாத உடம்பில் பேனாவைத் தேடினார். லோகநாயகி அம்மாள் கொண்டுவந்து கொடுத்தார்.

‘நூறு’ என்பதன் மேல் ஒரு கோடு போட்டார். மேலே ‘அறுபது’ என்று எழுதினார். "கை ஒதறிச்சின்னா சொன்னான்?" என்று கேட்டார்.

"ஆமா ஏட்டய்யா. பேப்பர் சிக்கிக்கிச்சாம், எடுக்க வரலியாம்."

அதையும் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினார். திருத்தம் செய்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது விதி. இட்டார், தேதியும் போட்டார். அந்தக் காகிதம் இனி எந்தக் கோர்ட்டுக்கும் போகப்போவதில்லை. அவருக்கு ரிட்டயர் ஆக ஐந்து மாதம்தான் இருந்தது.

"வேற எந்த வரியும் தப்புன்னு சொல்லலியே?"

"இல்ல ஏட்டய்யா. மீதியெல்லாம் அப்படியே இருக்குன்னான்."

அவர் கண் கலங்கிவிட்டது. என்னுடையதும்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இரண்டு வருடமாக, நான் குத்துப்பட்டதை நம்பும்படி இல்லை என்று ஊரும் கோர்ட்டும் சொல்லிச் சொல்லி, எனக்கே சில நாள் அது கேமில் நடந்ததோ என்று இருந்தது. ஏட்டய்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாளைத் திருப்பி, பேனாவை என்னிடம் நீட்டினார்.

"திருத்தத்துக்கு ஒரு கையெழுத்து போடுப்பா. புகார் குடுத்தவனும் போடணும்."

போட்டேன்.